முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்: பெட்டி டிரெய்லர் கேள்வி-பதில்

கோடை வந்துவிட்டால் அமெரிக்கத் தமிழர்களுக்கு சாமான் ஏற்றும் காலம். ஜூலை 4 ஒட்டிய பேரவை விழா (வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்துவது), கோடைக் கல்யாணங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்குமுன் வீடு மாற்றம். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நாலு பக்கமும் மூடிய பெட்டி டிரெய்லர் பற்றித்தான், அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் தமிழ்ச்சங்கத்துக்கு 6க்கு 12 அடி பெட்டி டிரெய்லர் வாங்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு. மடக்கு நாற்காலி, ஸ்பீக்கர், மேடைப் பின்திரைக் கம்பிகள், பொங்கல் பானை, பறைகள் எல்லாம் போகவேண்டும். இழுக்க என் ஹோண்டா ஒடிஸி இருக்கிறது. 3,500 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறதே, போதும்தானே?
— வட கரோலினா வாசகர்

பதில்: 3,500 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோடு, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அந்த எண்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒற்றை அச்சு 6க்கு 12 டிரெய்லர் காலியாகவே சுமார் 1,300 பவுண்டு வரும், நீங்கள் சொன்ன சாமான் 1,200 என்று வையுங்கள், மொத்தம் 2,500. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின்மேல், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டைமேல், உட்காரவேண்டும், அதைத்தான் டங் வெயிட் என்கிறோம். இங்கே அது 250 முதல் 375 பவுண்டு. இந்த எடை டிரெய்லரோடு போய்விடாது, உங்கள் வண்டியின் முதுகில் ஏறுகிறது, பேலோடு கணக்கில்தான் சேரும். ஸ்டிக்கரில் 1,300 என்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சங்கத்து விழாவுக்குப் போகும் ஒடிஸியில் ஏழு பேர் இல்லாமல் போகமாட்டார்கள், தலைக்கு 150 என்றாலும் 1,050 ஆயிற்று. டங் வெயிட் 300 சேர்த்தால் 1,350. சாம்பார் வாளியை இன்னும் ஏற்றவே இல்லை!

ஆக, இழுக்கும் நாளில் ஒடிஸியில் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் வேறு வண்டியில். ஆள் கூடக்கூட இழுக்கக்கூடிய எடை குறையும் என்று பல வண்டிகளின் கையேட்டில் அட்டவணையே உண்டு, உங்கள் கையேட்டில் டிரெய்லர் பகுதியைத் தேடிப் படியுங்கள். டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்குத் தனிக் கூலர் வேண்டுமா என்பதும் அங்கேயே இருக்கும்.

அப்புறம் காற்று. இதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளே ஆறரை அடி உயரம் என்றால் தரையிலிருந்து கூரை எட்டடிக்குப் போகும், மினிவேனுக்குப் பின்னால் ஒரு சுவரைக் கட்டி இழுக்கிற மாதிரிதான். திறந்த டிரெய்லரில் அதே எடையை இழுத்தவர்கள்கூட பெட்டியை மாட்டியதும் பெட்ரோல் இறங்குவதைப் பார்த்து திகைப்பது இதனால்தான். சில கையேடுகளில் முகப்புப் பரப்பு இத்தனை சதுர அடியைத் தாண்டக்கூடாது என்றே வரம்பு போட்டிருப்பார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 6க்கு 10, முன்பக்கம் கூம்பிய வி-நோஸ், உள்ளுயரம் ஆறடி அல்லது அதைவிடச் சற்று அதிகம், அதோடு நிறுத்துவேன். இந்த அளவு டிரெய்லர்கள் பெரும்பாலும் 2,990 பவுண்டு என்ற மொத்த எடை வரம்போடு வரும். 3,000ஐத் தொட்டால் பல மாநிலங்களில் டிரெய்லருக்கே பிரேக் வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பத்து பவுண்டு தள்ளுபடி.

ஆனாலும் பிரேக் உள்ளதையே வாங்குங்கள் என்பேன். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, மினிவேனின் பிரேக்குகள் மினிவேனை நிறுத்தச் செய்தவை.

கேள்வி: நியூ ஜெர்சியில் கேட்டரிங் செய்கிறேன். கல்யாண சீசனில் பென்சில்வேனியா, கனெக்டிகட் வரை போகிறோம். என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் என்று டீலர் சொன்னார். இரட்டை அச்சு 7க்கு 16 வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே இழுங்கள் சார். டீலர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பதினோராயிரம், வண்டியில் ஓட்டுநரும் கூட ஒருவரும் தவிர அதிகம் எதுவும் இல்லாதபோது வரும் எண். கேட்டரிங் வண்டி என்றைக்கு அப்படிப் போயிருக்கிறது?

7க்கு 16 இரட்டை அச்சு டிரெய்லர் காலியாக 2,600 வாக்கில் இருக்கும், மொத்த வரம்பு வழக்கமாக 7,000. டில்டிங் கிரைண்டர், அண்டாக்கள், தோசைக்கல், மேசைகள், ஜெனரேட்டர், தண்ணீர் என்று அடுக்குங்கள். தண்ணீரை மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள், ஒரு காலன் எட்டே கால் பவுண்டுக்கு மேல், 50 காலன் ஏற்றினால் 400ஐத் தாண்டிவிடும். போகிற இடத்தில் குழாய் இருந்தால் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புங்கள். எல்லாம் சேர்ந்து 2,900 பவுண்டு சாமான் என்றால் மொத்தம் 5,500. டங் வெயிட் 13 சதவீதம், 715. மாஸ்டர், உதவியாளர்கள் என்று நான்கு பேர், 700. எடையைப் பரப்பும் ஹிட்ச், அதாவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சுக்கே 80. கூட்டினால் 1,495. உங்கள் கதவு ஸ்டிக்கரில் 1,480 என்று இருந்தால் டிரக்கின் பின்தொட்டியில் ஒரு கொத்தமல்லிக் கட்டு வைக்கக்கூட இடமில்லை, இழுவைத் திறனில் பாதிதான் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றாலும்! ஒரே எஃப்-150, ஒரே வருடம், அலங்காரப் பதிப்பு ஒன்றில் ஸ்டிக்கர் எண் குறைவாகவும் வேலைக்கான எளிய பதிப்பில் அதிகமாகவும் இருக்கும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை எல்லாம் எடைதானே. டிரக் மாற்றும் எண்ணமிருந்தால் லாட்டில் நிற்கும் வண்டிகளின் கதவைத் திறந்து திறந்து பாருங்கள், விற்பனையாளர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அந்த எடை பரப்பும் ஹிட்ச் தேவையா என்றால், டிரக்கின் பின்னால் குனிந்து, ஹிட்ச்சைச் செருகும் ரிசீவர் குழாயில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். எஃப்-150 போன்ற பல அரை டன் டிரக்குகளில் அது இல்லாமல் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங் வெயிட் என்றுதான் அனுமதி. உங்களுக்குத் தேவை. டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். டிரக்கிலேயே இல்லாவிட்டால் தனியாகப் பொருத்தும்போது வண்டியின் வேகம் குறையும் அளவுக்கேற்ப வேலை செய்யும் ப்ரொபோர்ஷனல் வகையைக் கேளுங்கள். நேரக் கணக்கில் பிரேக் போடும் மலிவான வகை வாரம் மூன்று முறை இழுக்கும் உங்களுக்கு உதவாது.

இரண்டு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, சொல்லாமல் விடமுடியாது. புரொபேன் சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், கதவைத் திறந்து லைட் ஸ்விட்சைத் தட்டும்போது பொறி பட்டால் போச்சு. டிரக்கின் திறந்த தொட்டியிலோ டிரெய்லரின் முன் முக்கோணத்தில் வைக்கும் தாங்கியிலோ நிமிர்த்திக் கட்டுங்கள். இரண்டாவது, தொழிலுக்காக மாநில எல்லை தாண்டுகிறீர்கள். டிரக்கின் மொத்த எடை வரம்பு 6,800, டிரெய்லரின் வரம்பு 7,000 என்றால் கூட்டு 13,800. இந்தக் கூட்டு 10,001 பவுண்டைத் தொட்டாலே யுஎஸ்டாட் எண் (மத்தியப் போக்குவரத்துத் துறையில் பதிந்து வாங்குவது), ஓட்டுநருக்கு மருத்துவச் சான்று என்று மத்திய அரசு விதிகள் வரும். ஏற்றிய எடை குறைவு என்று தப்பமுடியாது, தகட்டில் எழுதிய வரம்பு, ஏற்றிய எடை இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. எடைச் சாவடியில் நிறுத்திக் கேட்கும்போது அண்டாவில் சாம்பார் கொதிநிலையில் இருக்கும், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணை. டொராண்டோவில் சவுண்ட், லைட்டிங் செய்யிறம். 2019 டொயோட்டா ஹைலாண்டர் வி6 இருக்கு. பின்னுக்கு ராம்ப் கதவு நல்லதோ, ரெண்டு பக்கமும் திறக்கிற கதவு நல்லதோ?

பதில்: சில்லு (சக்கரம்) வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள் என்றால் ராம்ப்தான், யோசிக்கவே வேண்டாம். இரவு ஒரு மணிக்கு மண்டபத்தை மூடச் சொல்லும்போது சப்-வூஃபரைத் தூக்குவதா உருட்டுவதா என்பதுதான் கேள்வி. ஆனால் ராம்ப் விழ பின்னால் ஆறேழு அடி காலியாக வேண்டும், கார்களுக்கிடையே நெருக்கி நிறுத்தும் மண்டபங்களில் திண்டாடுவீர்கள். ராம்பின் ஸ்பிரிங்கும் கேபிளும் தேயும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கதவு பூட்டுக்கு நல்லது, இடத்துக்கும் நல்லது. ராம்ப் வாங்கினால் பக்கவாட்டில் ஒரு சிறு கதவும் உள்ளதாக வாங்குங்கள், வயர் எடுக்க ஒவ்வொரு முறையும் ராம்பை இறக்கமுடியாது.

உங்கள் ஹைலாண்டர் 5,000 பவுண்டு இழுக்கும் வகை. ஒண்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் பிரேக் கட்டாயம். பிரேக் என்றால் நாலு ஊசி வயர் பிளக் போதாது, ஏழு ஊசி வேண்டும், உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பாருங்கள். பனிக்காலத்தில் உப்புத் தூவிய தெருவில் இரும்புச் சட்டம் எப்படி ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலுமினியச் சட்டம் விலை கூடத்தான், பத்து வருடம் வைத்திருக்க நினைத்தால் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள்.

கேள்வி: டெஸ்லா மாடல் ஒய் வைத்துக்கொண்டு பெட்டி டிரெய்லர் இழுக்கமுடியுமா? (கலிஃபோர்னியா)

பதில்: முடியும், டோ பேக்கேஜ் (இழுவைக்கான கூடுதல் பொருத்தம்) இருந்தால் 3,500 பவுண்டு வரை. இழுவிசைக்குக் குறையே இல்லை, ரேஞ்சுக்குத்தான் குறை. உயரமான பெட்டியை மாட்டினால் பாதியாகும் என்று திட்டமிடுங்கள். பெரும்பாலான சார்ஜிங் நிலையங்களில் பின்னால் எடுத்துத்தான் நிறுத்தமுடியும், அதனால் ஒவ்வொரு சார்ஜுக்கும் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விடவேண்டிவரும். ஊருக்குள் என்றால் அருமை. லாஸ் ஏஞ்சலஸ் போய்வர என்றால் பொறுமை வேண்டும். டிரெய்லர் இழுத்தால் உங்கள் மாநிலத்தில் உச்ச வேகம் 55 மைல், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஜார்ஜியாவில் பழைய டிரெய்லர் ஒன்று பார்த்திருக்கிறேன், ஆறு வருடம் ஓடியது, வெளியே பளபளவென்று இருக்கிறது. எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

பதில்: வெளியே பளபளப்பது மெல்லிய அலுமினியத் தகடு, துடைத்தால் யாருடையதும் பளபளக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் இருட்டுக்குள் நின்று மேல் மூலைகளைப் பாருங்கள், ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழையும் வரும். பிறகு டார்ச் அடித்து கூரை மூலைகளிலும் காற்றுத் துவாரத்தைச் சுற்றியும் பழுப்பு வளையம் இருக்கிறதா பாருங்கள். பின்கதவை ஒட்டிய தரைப் பலகையைக் குதிகாலால் அழுத்துங்கள், முதலில் ஊறுவது அந்த இடம்தான், கொஞ்சம் அமுங்கினாலும் கீழே குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருக்கும் என்று சந்தேகப்படுங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று நின்று வயதாகிச் சாவதுதான் அதிகம், ஐந்தாறு வருடம் ஆனால் பள்ளம் முழுதாக இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். பிரேக் உள்ள வண்டி என்றால் முன்னால் கயிற்றோடு தொங்கும் பிரேக்அவே பின்னை (டிரெய்லர் கழன்றுபோனால் தானே உருவிக்கொண்டு பிரேக் போடவைப்பது) உருவிவிட்டு டிரெய்லரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், சக்கரம் உருளக்கூடாது. உருண்டால் பேட்டரி செத்திருக்கிறது அல்லது பிரேக் செத்திருக்கிறது, இரண்டில் ஒன்று. சட்டத்தில் பதித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், திருட்டு டிரெய்லர் சந்தைக்குப் பஞ்சமே இல்லை.

ஜார்ஜியாவில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. டக்ளஸ், ஃபிட்ஸ்ஜெரால்டு பக்கம் பெட்டி டிரெய்லர் தொழிற்சாலைகள் வரிசையாக உண்டு, வடக்கே இண்டியானாவின் எல்கார்ட் போல. நேரே போய் வாங்கினால் கொண்டுவரும் கூலி மிச்சம், ஆகவே பழையதின் விலையை புதியதின் விலையோடு ஒப்பிட்ட பிறகே பேரம் பேசுங்கள். புதியது பார்க்கும்போது சுவர்த் தூண்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று கேளுங்கள். 24 அங்குலம் என்றால் மலிவு வகை, 16 என்றால் நல்லது. சுவரில் அலமாரி மாட்டவோ பட்டை போட்டுக் கட்டவோ எண்ணம் இருந்தால் இதில் சமரசம் வேண்டாம். புதிய வண்டியில் முதல் 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: 65 மைல் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டுகிறது. வெளியே வரவே பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படவேண்டியதுதான். பெரும்பாலும் காரணம் பின்பாரம். கடைசியாக ஏற்றிய கனமான பெட்டி கதவோரம் உட்கார்ந்துவிடும், டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போகும், பெரிய லாரி ஒன்று கடந்து போகும் காற்றில் ஆட்டம் தொடங்கும். அறுபது சதவீதம் முன்பாதியில் வரும்படி ஏற்றுங்கள். டங் வெயிட்டை வீட்டுக் குளியலறைத் தராசிலேயே பார்க்கலாம், 300 பவுண்டுக்குள் இருக்கும் என்றால் கப்ளருக்கு (டிரெய்லரின் முன்னால் பந்தைக் கவ்வும் பகுதி) அடியில் மரக்கட்டை நிறுத்தித் தராசின்மேல் இறக்குங்கள். அதற்கு மேல் போகும் என்றால் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்ற லாரி எடைமேடை இருக்கும், சில டாலர் செலவில் ஒவ்வொரு அச்சின் எடையும் தனித்தனியாகத் தாளில் வரும். டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்கவேண்டும், மூக்கு தூக்கி நின்றால் பந்துத் தாங்கியைத் தாழ்வானதாக மாற்றுங்கள். டயர் காற்றையும் பாருங்கள்.

ஓடும்போதே ஆட்டம் வந்தால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கால் எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், கன்ட்ரோலர் இருந்தால் அதன் கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் போடுங்கள். வேகமாகப் போய் ஆட்டத்தைத் தாண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் வண்டியில் ஏறாதீர்கள்.

கேள்வி: டாலஸிலிருந்து சியாட்டலுக்குக் குடிமாறுகிறோம். வாங்குவதா, வாடகையா? முன்சக்கர இழுவை ஹோண்டா பைலட்.

பதில்: ஒருமுறை வேலைக்கு வாடகைதான். ஆனால் யூ-ஹாலின் 6க்கு 12 பெட்டி காலியாகவே 1,920 பவுண்டு, உங்கள் பைலட்டின் வரம்பு 3,500, மிச்சம் 1,580, அதற்குள் வீட்டை அடைக்கமுடியாது. 5க்கு 8 எடுத்துக்கொண்டு மீதியை லாரியில் அனுப்புங்கள். வழி வயோமிங்கின் ஐ-80 என்றால் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே காற்று புகழ்பெற்றது, எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் மாநிலச் சாலைத் துறை அறிவிப்பைப் பாருங்கள். ஆரிகனில் பெண்டில்டனுக்கு முன் கேபேஜ் ஹில் இறக்கம் ஆறு சதவீதம். கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள்.

கேள்வி: டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க என் கணவருக்கு வரவில்லை. நான் பின்னால் நின்று கத்தினால் சண்டை வருகிறது.

பதில்: கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும், இடம்வலம் குழப்பம் தீரும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். கண்ணாடியில் ஒரு பக்கச் சுவர் அதிகமாகத் தெரிய ஆரம்பித்தால் நிறுத்தி, முன்னே இழுத்து நேராக்கி, மறுபடி. குட்டை டிரெய்லர் சட்டென்று மடியும், நீளமானதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும், அதனால் அவர்மேல் மட்டும் குறை இல்லை. நீங்கள் அவருடைய பக்கக் கண்ணாடியில் முழுசாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள், கத்தவேண்டாம், கை சைகை மட்டும். அல்லது ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து அவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள்.